பேய் பிடிக்க எந்த கேமரா வாங்கலாம்? கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தின் கதை

சென்னையில இருந்து ஈசிஆர் வழியா பாண்டிச்சேரி போனவங்களுக்கு மரக்காணம் தெரிஞ்சிருக்கும். பக்கிங்ஹாம் கால்வாயோட தெற்கு முனை அந்த ஊர்தான். ரோட்டோரமா பாத்தி பாத்தியா தண்ணி, நடுநடுவுல வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல். பகல்ல எல்லாரும் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற இடம். ராத்திரி அதே இடம் வேற மாதிரி ஆயிடும். இருட்டு, கடல் காத்து, தூரத்துல மெதுவா நகர்ற ஒரு டார்ச் வெளிச்சம். கொஞ்சம் வடக்கே, கடப்பாக்கம் பக்கத்துல, இடிஞ்சு கிடக்கிற ஆலம்பரைக் கோட்டை. பேய் வீடியோ எடுக்கிறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்?

அந்த மாதிரி வீடியோக்கள்ல அடிக்கடி வர்ற ஒரு வார்த்தை ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம் கேமரா’. மனுஷக் கண்ணுக்குத் தெரியாததை இது பார்க்கும், அதனால பேயையும் பார்க்கும்னு சொல்லி விக்கிறாங்க. இதுல முதல் பாதி உண்மை. அதனாலதான் ரெண்டாவது பாதியும் உண்மை மாதிரி கேக்குது. இன்னைக்கு எபிசோட்ல அந்த ரெண்டு பாதியையும் பிரிச்சுப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை மனுஷங்க இருநூறு வருஷத்துக்கு மேல துரத்தியிருக்காங்க. அவங்க கருவியை எப்படிச் சோதிச்சாங்கன்னு தெரிஞ்சா, எந்த கேமரா வாங்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

‘ஃபுல்’ எவ்வளவு ஃபுல்?

முதல்ல கருவி. நம்ம கண் பார்க்கிறது தோராயமா 400-ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஒளி. ஊதாவுல ஆரம்பிச்சு சிவப்புல முடியும். டிஜிட்டல் கேமராவுக்குள்ள இருக்கிற சிலிக்கான் சென்சார் இதைவிட அகலமா பார்க்கும். கிட்டத்தட்ட 350-ல இருந்து 1,000 நானோமீட்டரைத் தாண்டியும் அதுக்கு உணர்வு உண்டு. அதை அப்படியே விட்டா படத்துல நிறம் கெட்டுப்போகும். அதனால கம்பெனிக்காரங்க சென்சாருக்கு முன்னாடி அகச்சிவப்பைத் தடுக்கிற ஒரு ஃபில்டர் கண்ணாடியை வெச்சிருக்காங்க. அதைக் கழட்டிட்டு சாதா கண்ணாடி போட்டா, அதுதான் ஃபுல் ஸ்பெக்ட்ரம் கேமரா. புதுசா எதையும் சேர்க்கல, ஒரு தடுப்பை எடுத்திருக்காங்க, அவ்வளவுதான்.

இதை வீட்லயே பார்க்கலாம். டிவி ரிமோட்டை மொபைலோட செல்ஃபி கேமரா முன்னாடி பிடிச்சு ஒரு பட்டனை அழுத்துங்க. பல மொபைல்ல, ரிமோட்டோட நுனியில ஒரு ஊதா வெளிச்சம் மினுக்கும். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. அதுதான் அகச்சிவப்பு.

இங்க நிறைய பேர் குழப்பிக்கிற ஒரு விஷயம் இருக்கு. இந்த கேமரா மனுஷ உடம்போட சூட்டைப் பார்க்காது. அதுக்கு தெர்மல் கேமரா வேணும். அது வேலை செய்யறது 8,000-ல இருந்து 14,000 நானோமீட்டர் பக்கம். ரெண்டும் ‘அகச்சிவப்பு’ங்கிற ஒரே பேர்ல வருது, ஆனா வேற வேற கருவி. ‘அறை திடீர்னு ஜில்லுன்னு ஆச்சு, ஃபுல் ஸ்பெக்ட்ரம்ல பதிவாச்சு’ன்னு யாராவது சொன்னா, அது நடக்காத காரியம்.

படத்துக்குள்ள ஆவி நுழைஞ்ச கதை

1800-ல வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்துல பிரிச்சு, ஒவ்வொரு நிறத்துலயும் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, வெளிச்சமே இல்லாத இடத்துல பாதரசம் இன்னும் மேல ஏறுச்சு. அகச்சிவப்பு கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். அடுத்த வருஷம், 1801-ல, ஜெர்மனியில யோஹான் ரிட்டர் ஊதாவைத் தாண்டின இருட்டுல சில்வர் குளோரைடை வெச்சார். அது கறுத்துப்போச்சு. அது புற ஊதா.

அந்த சில்வர் குளோரைடுதான் கொஞ்ச வருஷத்துல புகைப்படக் காகிதமும் ஆச்சு. 1830-கள்ல இங்கிலாந்துல ஃபாக்ஸ் டால்பட் காகிதத்தை சாதாரண உப்புத் தண்ணியில நனைச்சு, அது மேல சில்வர் நைட்ரேட் பூசி படம் எடுத்தார். உப்பளத்துல விளையற அதே உப்பு.

அடுத்த முப்பது வருஷத்துக்குள்ள பேய் வந்துடுச்சு. 1860-கள்ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல வில்லியம் மம்லர்ங்கிறவர் உயிரோட இருக்கிறவங்களைப் படம் எடுத்துக் கொடுத்தா, பின்னாடி செத்துப்போன சொந்தக்காரங்க மங்கலா நிப்பாங்க. உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருந்த காலம். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா, கணவனை இழந்த மனைவின்னு ஊரே துக்கத்துல இருந்துச்சு. படம் அமோகமா வித்தது. 1869-ல நியூயார்க்ல மோசடி வழக்குப் போட்டாங்க. ஒரே கண்ணாடித் தகட்டுல ரெண்டு தடவை படம் எடுத்தா இதே மாதிரி வரும்னு சாட்சிகள் சொன்னாங்க. ஆனா அவர்தான் அப்படிச் செஞ்சார்னு நிரூபிக்க முடியல. மம்லர் விடுதலை ஆனார்.

அந்தப் படங்களை வாங்கினவங்களை முட்டாள்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவங்க முகத்தைத் தேடினாங்க, முகம் கிடைச்சுது. கருவியைச் சோதிக்கிற நிலைமையில அவங்க இல்ல. அந்த வேலையைச் செய்ய வேண்டியவங்க வேற யாரோ.

முப்பட்டகத்தைத் தூக்கின ஆள்

செஞ்சவங்கள்ல ஒருத்தர் ராபர்ட் வுட், அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர். 1903-ல பிரான்ஸ்ல ரெனே ப்ளான்ட்லோ ‘என் கதிர்’னு புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சார். நிறைய விஞ்ஞானிகள் நாங்களும் பார்த்தோம்னு கட்டுரை எழுதினாங்க. இருட்டறையில ஒரு மங்கலான ஒளி கொஞ்சம் கூடுதா குறையுதான்னு கண்ணால பார்த்துதான் முடிவு பண்ணணும். 1904-ல வுட் அங்கே நேர்லயே போனார். இருட்டுல சத்தமில்லாம கருவியில இருந்த அலுமினிய முப்பட்டகத்தைக் கழட்டி எடுத்துட்டார். அது இல்லாம கதிர் பிரியவே முடியாது. ஆனா அங்க இருந்தவங்க முன்னாடி மாதிரியே அளவு சொல்லிட்டே இருந்தாங்க. இதை அவர் நேச்சர் இதழ்ல எழுதினதும் என் கதிரோட கதை முடிஞ்சுது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், இதே வுட்தான் 1910-ல அகச்சிவப்பு நிலக்காட்சிப் படங்களை வெளியிட்டவர். அதுல வானம் கறுப்பு, மரத்து இலையெல்லாம் பனி கொட்டின மாதிரி வெள்ளை. இலைக்குள்ள இருக்கிற செல் அமைப்பு அகச்சிவப்பை பலமா திருப்பி அனுப்பறதுதான் காரணம். இன்னைக்கும் இதுக்கு ‘வுட் விளைவு’ன்னுதான் பேர். இல்லாத கதிரைப் பொய்னு காட்டினவரும், கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் படம் பிடிச்சவரும் ஒரே ஆள். கண்ணுக்குத் தெரியாததை அவர் ஒதுக்கித் தள்ளல. சோதிக்காம மட்டும் ஏத்துக்கல.

தென்னந்தோப்புக்கு மேல ஒரு ஹெலிகாப்டர்

இது நம்ம பக்கம் வந்த கதை இன்னும் நல்லா இருக்கும். 1970 வாக்குல கேரளாவுல தென்னை வேர் வாடல் நோய் பெரிய தலைவலியா இருந்துச்சு. பி.ஆர். பிஷாரட்டி, சி.வி. ராமன்கிட்ட வேலை பார்த்த வானிலை விஞ்ஞானி, தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டர்ல இருந்து அகச்சிவப்பு கலர் ஃபிலிம்ல படம் எடுக்க வெச்சார். நல்ல மரம் ஒரு மாதிரி தெரிஞ்சுது, நோயுள்ள மரம் வேற மாதிரி தெரிஞ்சுது. இந்தியாவுல தொலையுணர்வுத் துறை இங்கிருந்துதான் ஆரம்பிச்சுதுன்னு சொல்லுவாங்க. 1988 மார்ச் 17-ல ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள்லயும் அகச்சிவப்புக்குன்னு தனி அலைவரிசை இருந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. பேய் வேட்டைக்குன்னு விக்கிற கேமராவும் தென்னைக்கு வைத்தியம் பார்த்த கேமராவும் பிடிக்கிறது அதே வெளிச்சத்தைத்தான். வித்தியாசம் எங்கன்னா, ஒரு மரம் வேற மாதிரி தெரிஞ்சா, தரையில இறங்கி அதே மரத்துக்குக் கீழ நின்னு, நிஜமாவே நோய் இருக்கான்னு சரி பார்ப்பாங்க. பேய் வீடியோவுல அந்த இறங்கிப் பார்க்கிற வேலை இருக்காது.

மரக்காணத்துல என்ன தெரியும்?

இப்போ இந்த கேமராவோட ராத்திரி மரக்காணம் போறீங்கன்னு வெச்சுப்போம். என்னவெல்லாம் ‘தெரியும்’?

காத்துல உப்புத் துளி மிதக்கும். லென்ஸுக்குப் பக்கத்துலயே அகச்சிவப்பு விளக்கு இருந்தா, ஒவ்வொரு துளியும் ஃபோகஸ் ஆகாம ஒரு வெள்ளை உருண்டையா விழும். ‘ஆர்ப்’னு சொல்றது பெரும்பாலும் இதுதான். தூசி, கொசு, மழைத்துளி எல்லாமே இதைச் செய்யும். கடலோரத்துல உங்களுக்கு ஆர்ப்புக்குப் பஞ்சமே இருக்காது.

சவுக்குத் தோப்பும், பாத்தி ஓரத்து உமரிச் செடியும் விளக்கு பட்டா வெள்ளையா ஒளிரும். பாத்தித் தண்ணி அகச்சிவப்பை உறிஞ்சிடும், அதனால பெரும்பாலும் கறுப்பாத்தான் தெரியும். கூட வந்த நண்பர் கறுப்பு பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தா, அது வெளிர் நிறமா மாறலாம். அவர் நடக்கும்போது அரை செகண்ட் எக்ஸ்போஷர் வெச்சீங்கன்னா, உடம்புக்குள்ள பின்னாடி இருக்கிறது தெரியும். வெள்ளை உடை, ஊடுருவித் தெரியற உருவம்... கதை ரெடி.

ஆலம்பரைக் கோட்டை 18-ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில எழுந்தது. 1750-ல பிரெஞ்சு ஆளுநர் ட்யூப்ளே கைக்கு வந்தது, 1760-ல ஆங்கிலேயர் பிடிச்சு இடிச்சாங்க. அந்தச் செங்கல் சுவர் இடுக்குல செடி முளைச்சிருக்கும். அகச்சிவப்புல இருண்ட சுவர் மேல வெள்ளைத் திட்டு தெரியும். அதுல முகம் தேடினா மூளை கண்டிப்பா ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கும்.

பக்கத்துலயே கழுவேலி சதுப்பு நிலம், 2021-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. சதுப்புல தெரியற வெளிச்சத்துக்கு நம்ம ஊர்ல ரொம்ப காலமா கொள்ளிவாய்ப் பிசாசுன்னு பேர். மக்கின செடிகொடியில இருந்து வர்ற வாயுதான் காரணம்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் கொடுப்பாங்க.

சரி, எதை வாங்கறது?

மிரர்லெஸ் கேமராவா பாருங்க. அகச்சிவப்பு ஃபோகஸ் ஆகிற இடம் சாதா ஒளியைவிடக் கொஞ்சம் தள்ளி இருக்கும். மிரர்லெஸ், சென்சார்ல விழற படத்தை வெச்சே ஃபோகஸ் பண்றதால அந்தத் தொல்லை குறைவு. பழைய டிஎஸ்எல்ஆரை மாத்தினா ஃபோகஸ் தவறி எல்லாமே ஆவி மாதிரி மங்கும்.

லென்ஸை முதல்ல பகல்ல சோதிங்க. சில லென்ஸ்ல அகச்சிவப்புப் படத்தோட நடுவுல ஒரு வெளிச்ச வட்டம் விழும், அதுக்கு ‘ஹாட் ஸ்பாட்’னு பேர். சாதா லென்ஸ் கண்ணாடி புற ஊதாவுல பெரும்பகுதியைத் தடுத்துடும்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

விளக்குல 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர்னு ரெண்டு வகை பரவலா கிடைக்கும். 850 எரியும்போது மங்கலா ஒரு சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியும், ஆனா சென்சாருக்கு வெளிச்சம் அதிகம். 940 கண்ணுக்குத் தெரியாது, படமும் இருட்டும். எதை வாங்கினாலும் லென்ஸ்ல இருந்து தள்ளி ஸ்டாண்டுல வைங்க. பாதி ஆர்ப் அங்கேயே காணாமப் போகும்.

ரெண்டு ஃபில்டர் கண்டிப்பா வாங்குங்க. அகச்சிவப்பைத் தடுக்கிறது ஒண்ணு, அகச்சிவப்பை மட்டும் விடற 720 நானோமீட்டர் ஒண்ணு. ஒரே காட்சியை ரெண்டுலயும் எடுத்தா, தெரிஞ்சது எந்த ஒளின்னு பிரிச்சிடலாம்.

முடிஞ்சா ஒரே மாதிரி ரெண்டு கேமரா. அரை மீட்டர் தள்ளி வைங்க. ஒண்ணுல விழுந்து இன்னொண்ணுல விழாத உருண்டை, லென்ஸ் முன்னாடி பறந்த தூசிதான். ரெண்டாவது கேமராவுக்குக் காசு இல்லைன்னா முதல் கேமராவையும் வாங்காதீங்க. ஒரே கேமராவுல கிடைக்கிறது படம்தான், சாட்சி இல்ல.

கடைசியா, வுட் செஞ்ச மாதிரி ஒரு முப்பட்டகத்தைத் தூக்குங்க. கோட்டையில எடுத்த படத்தையும் உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல எடுத்த படத்தையும் கலந்து, எது எங்கன்னு சொல்லாம ஒருத்தர்கிட்ட கொடுங்க. பார்க்கிங்லயும் அதே அளவு பேய் இருந்தா, விடை கிடைச்சாச்சு.

அந்த டார்ச் வெளிச்சம்

ஆரம்பத்துல சொன்ன டார்ச் வெளிச்சம் யாருதுன்னு சொல்லாம முடிக்கக்கூடாது. வெயில் ஏறறதுக்குள்ள வேலையை முடிக்க, உப்பளத் தொழிலாளிங்க விடியறதுக்கு முன்னாடியே பாத்தியில இறங்குவாங்க. நீங்க இருட்டுல வரப்பை மிதிச்சு உடைச்சா, பாத்திக்குள்ள கால் வெச்சா, கெடறது அவங்க உழைப்பு. அந்த இடத்துக்குப் ‘பேய் இடம்’னு தம்ப்நெயில் போட்டா, அதே இருட்டுல வேலைக்கு வர்ற பொம்பளைங்களைப் பார்க்க நாலு பேர் கேமராவோட வருவாங்க.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மரக்காணத்துல நிஜமாவே ஒரு வேலை பார்க்குது, அது பகல்ல. வெள்ளை உப்புப் பரப்பு வெயிலை முகத்துக்கு நேரா திருப்பி அடிக்கும், புற ஊதாவும் சேர்த்து. வருஷக்கணக்கா அது கண்ணுல பட்டா கண்புரைக்கும், கருவிழி மேல சதை வளர்றதுக்கும் வழி வகுக்கும். இதைப் பார்க்க ஃபுல் ஸ்பெக்ட்ரம் கேமரா வேண்டாம். நல்ல புற ஊதாத் தடுப்புக் கண்ணாடியும் வருஷத்துக்கு ஒரு கண் பரிசோதனையும் அவங்களுக்குக் கிடைக்குதான்னு கேட்டாலே போதும். கேமரா வாங்குங்க, ராத்திரி போங்க, அனுமதி வாங்கிட்டு வரப்புக்கு வெளியே நில்லுங்க. விடிஞ்சதும் உடனே வண்டியைக் கிளப்பாம, கொஞ்ச நேரம் அவங்ககிட்ட பேசிட்டு வாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.