பெயர் ஒன்று, ஆட்கள் பலர்

இம்மலருக்காகப் பழைய மாணவியரின் எழுத்துக்களைத் திரட்டித் தரும்படி எம்மைக் கேட்டபோது, அது இரண்டு வார வேலை என்றே எண்ணினோம். நூலகப் பட்டியல்கள் பலவும் இன்று கணினியிலேயே கிடைக்கின்றன. பெயரைத் தட்டினால் நூல் வந்துவிடும் என்பது எமது கணக்கு. பத்து மாதங்கள் கழிந்தன.

தேடலைத் தொடக்கிவைத்தது ஒரு சிறு கட்டுரை. 1950களின் நடுப்பகுதியில் வெளிவந்த கல்லூரிச் சஞ்சிகையொன்றில், கோடையில் வற்றிப்போன கிணற்றைப் பற்றிச் சிரேஷ்ட வகுப்பு மாணவி ஒருவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். வாளி அடிக்கல்லில் முட்டும் ஓசை கேட்டு வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் இடம் இன்னும் எம் மனதில் நிற்கிறது. கட்டுரையின் கீழே அவருடைய பெயர் மட்டுமே இருந்தது. தகப்பன் பெயரின் முதலெழுத்துக்கூட இல்லை. சேர்வு இடாப்பைப் புரட்டினால் அந்த ஆண்டுகளில் அதே பெயருடையோர் நால்வர். குடும்பத்தாரிடம் இன்னும் கேட்க முடியாததால் அப்பெயரை இங்கு எழுதவில்லை. நால்வருள் எவராவது பின்னாளில் நூல் எழுதினாரா என்று பார்க்கவே நூலகங்களுக்குப் போனோம்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு ஒரே பெயர்க்காரர் புதியவர்கள் அல்லர். கிளினிக்கில் பெயரைக் கூப்பிட்டால் சில நாட்களில் இருவர் எழுந்து வருவார்கள். வயது, ஊர், தகப்பன் பெயர் மூன்றையும் கேட்டு ஆளை உறுதிப்படுத்தாமல் மருந்து எழுதுவதில்லை. இந்த எச்சரிக்கையை வைத்தியசாலை வாசலிலேயே விட்டுவிட்டு நூலகத்துக்குள் போனதுதான் எமது முதல் தவறு.

இம்மலருக்கான முன்னுரையின் முதல் வரைவில், யாழ்ப்பாணப் பெண்களின் எழுத்து முயற்சிகளைக் குறிப்பிடுகையில், 'மங்களம் என்பவர் 1914இல் நாவலும் எழுதி, 1923இல் சஞ்சிகையும் நடத்தினார்' என்று எழுதியிருந்தோம். எமது குறிப்புப் புத்தகத்தில் இரண்டு இடத்திலும் 'மங்களம்' என்று சுருக்கி எழுதியதால் வந்த வினை. 'நொறுங்குண்ட இருதயம்' நாவலை எழுதியவர் மங்களநாயகம் தம்பையா. 'தமிழ்மகள்' இதழை நடத்தியவர் மங்களம்மாள் மாசிலாமணி. ஒருவர் விவிலியச் சங்கீதத்திலிருந்து தம் நூலுக்குப் பெயர் எடுத்தவர். மற்றவர் பெண்களின் உரிமைக்காகப் பேசியவர். இருவரையும் ஒரு வரியில் அடக்கி ஒருத்தி ஆக்கிவிட்டோம். அச்சுக்குப் போகுமுன் நூற்பட்டியலை மறுபடி பார்த்ததால் தப்பினோம்.

இந்தச் சிக்கலின் வேர் எமது பெயர் வழக்கிலேயே இருக்கிறது. எம்மவருள் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. சொந்தப் பெயர் ஒன்று. அதற்கு முன்னோ பின்னோ தகப்பன் பெயர், மணமான பின் கணவன் பெயர். ஆண் எழுத்தாளருக்கு முதலெழுத்து பெரும்பாலும் கடைசிவரை மாறுவதில்லை. பெண்ணுக்கோ பாதி வழியில் மாறிவிடுகிறது. மாறாமல் நிற்பது அவளுடைய சொந்தப் பெயர் மட்டுமே. நூலகர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். 1978இல் வந்த ஆங்கிலோ அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு, குடும்பப் பெயர் இல்லாத தமிழரைச் சொந்தப் பெயரின் கீழேயே பதியச் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் கணவன் பெயர் பின்னால் வந்துவிட்டால் அதைக் குடும்பப் பெயரென்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. திருகோணமலை நாவலாசிரியர் ந. பாலேஸ்வரியும் பாலேஸ்வரி நல்லரெட்ணசிங்கமும் ஒருவரே என்பது எம் தலைமுறைக்குத் தெரியும். பட்டியலில் ஒன்று 'ப'வில், மற்றது 'ந'வில் இருந்தால் எம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது இன்னொரு கோலம். மலையகத் தொழிலாளரின் வாழ்வைத் 'தூரத்துப் பச்சை'யாகத் தந்த கோகிலம் சுப்பையாவும், தெல்லிப்பழைப் பக்கத்துக் கோகிலா மகேந்திரனும் தமிழில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்பார்கள். ஆங்கிலத்தில் ஒருவர் 'கே' எழுத்தோடும் மற்றவர் 'எச்' எழுத்தோடும் பிரிந்து போகலாம். இந்திய வழக்கில் 'ஜி'யும் சேர்ந்துகொள்ளும். மூன்று வகையாகவும் தட்டிப் பார்க்கவேண்டும்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டும் எமக்கு இதையே செய்தது. 2002க்கு முந்திய பதிவுகளில் கடைசிப் பெயரும் முதலெழுத்துக்களும் மட்டுமே உண்டு. ஆகவே அக்காலத்துத் தமிழ்ப் பெண் வைத்தியர் பலர் அங்கே தகப்பனாகவோ கணவனாகவோதான் காட்சி தருகிறார்கள்!

பட்டியலில் பெயர் இல்லையென்றால் நூலே எழுதப்படவில்லை என்று முடிவுகட்டவும் எமக்கு உரிமை இல்லை. 1981 ஜூன் முதலாம் திகதி விடியுமுன் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. ஊரில் அச்சான சிறு நூல்கள் பலவற்றின் ஒரே பிரதி அங்கே இருந்திருக்கலாம். 1885ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அச்சான நூல்களின் பிரதிகளை அரசிடம் கையளிக்கக் கோரியதால் கொழும்பிலும் இலண்டனிலும் சில தப்பின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையச் சேகரம் எமக்குப் பெரும் துணை. அதில் பழைய கல்லூரி மலர்களையும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். அட்டையில் பெயர் வராதவர்களை உள்ளே காண்பது அங்கேதான்.

கிணற்றுக் கட்டுரைக்கு வருவோம். நால்வரில் இருவர் அந்த இதழ் வருமுன்பே கல்லூரியை விட்டு விலகியிருந்தனர். எஞ்சிய இருவரும் ஒரே வகுப்பு. சிறுவர் கதை நூலொன்றில் அதே பெயர் கிடைத்தது. ஆனால் முன்னால் நின்ற எழுத்து இருவருடைய தகப்பன்மாருக்கும் பொருந்தவில்லை. கணவருடையதாக இருக்கலாம். யாருடைய கணவர்?

தொரொன்ரோவில் வசிக்கும், எண்பதுகளின் இறுதியிலுள்ள ஓர் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தோம். "ரெண்டு பேரும் ஒரே வாங்கிலதான் இருந்தவை, பிள்ளை. நாங்கள் பெரியவ, சின்னவ எண்டுதான் கூப்பிடுறது. சின்னவதான் நல்லா எழுதுவா..." என்றவர் சிறிது நேரம் பேசவில்லை. "இல்லை, கிணறு வத்தினது பெரியவவின்ர வீட்டிலையல்லோ" என்றார்.

அந்தக் கட்டுரையை இம்மலரின் பிற்பகுதியில், அவர் தம் பெயரை இட்டபடியே, முதலெழுத்து எதுவும் சேர்க்காமல் மறுபிரசுரம் செய்துள்ளோம். அவ்வகுப்பில் படித்தவர்களோ அவர்களின் பிள்ளைகளோ வாசித்து அடையாளம் கண்டால் சங்கத்துக்கு அறியத் தாருங்கள். அறியத் தரும்போது கலியாணத்துக்கு முந்திய முதலெழுத்தையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.