பனிக்கால விளையாட்டு விழாக்களும் தொண்டர் மரபும்

1964 ஆம் ஆண்டு தைத் திங்களில் ஒஸ்திரிய நாட்டின் இன்ஸ்புறூக் நகரத்தார் பேரிடர் ஒன்றை எதிர்நோக்கினர். பனிக்கால ஒலிம்பிக் விழா தொடங்குவதற்குச் சின்னாட்களே எஞ்சியிருந்தன. மலைச்சாரல்களிலோ போதிய வெண்பனி இல்லை. ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே அமைந்த நகரிற் பனி பொய்த்தமை, காவிரி நாட்டில் நீர் பொய்த்தமை போலாயிற்று. அரசாங்கம் படையினரை அழைத்தது. அவர்கள் 20,000 பனிக்கட்டிப் பாளங்களைச் சறுக்குவண்டித் தடங்களுக்குச் சுமந்தனர்; 40,000 கனமீற்றர் வெண்பனியை மலைச்சரிவுகளிற் கொண்டுவந்து கொட்டிக் கையாலும் காலாலும் இறுக்கினர். விழா இனிது நடந்தேறியது. படைவீரன் கட்டளைக்குப் பணிந்தவன் ஆதலின், அவன் ஏன் சுமந்தான் என்று எவரும் வினவுவதில்லை. அதே வேலையைத் தச்சனும் ஆசிரியையும் கல்லூரி மாணவனும் கூலியின்றித் தாமே முன்வந்து செய்யுங்காலையே அவ்வினா எழுகின்றது.

இவ்வினாவை மேனாட்டறிஞர் முறைப்பட ஆராயத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயாம். பீற்றர் கிளார்க், ஜேம்ஸ் வில்சன் என்னும் அமெரிக்கர் இருவர் 1961 இல் எழுதிய கட்டுரையில், மனிதரை ஓர் அமைப்போடு பிணிக்கும் தூண்டுதல்களைப் பொருட்பயன், கூட்டுறவின்பம், குறிக்கோள் என மூவகைப்படுத்தினர். பின்னர், 1996 இல் கனடாவின் தண்டர் பே நகரில் மகளிருக்கான தேசியக் கர்லிங் போட்டி நடைபெற்றது. பனிக்கட்டித் தளத்திற் கனத்த கல்லை வழுக்கவிட்டு இலக்கை அணுகச் செய்யும் ஆட்டமே கர்லிங் ஆகும். அங்கே தொண்டாற்றியோரை வினவி ஆராய்ந்தோர் 1998 இல் வெளியிட்ட முடிவில், குறிக்கோள், கூட்டுறவு, புறத்தேயுள்ள மரபு, பிறர்க்குப்பட்ட கடப்பாடு என நான்கு கூறுகளைக் கண்டனர். நிகழ்ச்சி சிறப்புற வேண்டும் என்ற குறிக்கோளையே தொண்டர் முதலாவதாகக் கூறினர். மரபும் கடப்பாடும் பின்னிடத்தையே பெற்றன.

இம்முடிவைப் பொய்யென்று தள்ளுதல் கூடாது. எனினும், வினாத்தாளுக்கு விடையெழுதும் ஒருவன் தன் உள்ளத்தில் அன்று தோன்றியதையே எழுதுகின்றான். தன் பாட்டன் செய்ததையும் தந்தை செய்ததையும் தானும் செய்கின்றான் என்பது அவனுக்கே தோன்றாதிருத்தல் கூடும். கிளை தன் வேரைக் காண்பதில்லை. பனிக்கால விழாக்களின் வரலாற்றை நோக்குவோர்க்கு, தொண்டர் கடைசியிற் கூறிய அம்மரபே ஏனையவற்றைத் தாங்கி நிற்பதாகத் தோன்றும்.

நோர்வே மொழியில் ‘டுக்னாட்’ என்றொரு சொல் உண்டு. உதவி, துணை என்னும் பொருளுடைய பழைய நோர்சுச் சொல்லிலிருந்து அது பிறந்தது. குடியானவன் ஒருவன் களஞ்சியம் எழுப்பவோ, கூரை வேயவோ, மாரிக்கு வேண்டிய உலர்புல்லைச் சேர்க்கவோ முற்படுங்கால் அயலவர் ஒருநாட் கூடி அவ்வேலையை முடித்துக் கொடுப்பர். கூலி இல்லை, வீட்டுக்காரன் உணவு படைப்பான், பிறிதொரு நாள் அவனும் அயலவன் வீட்டுக்குச் செல்வான். இலங்கையிற் சிரமதானம் எனப்படுவதோடு இஃது ஓரளவு ஒக்கும். ஆயின், தானம் கைம்மாறு கருதாதது. டுக்னாட்டோ கைம்மாறு உள்ளது. வந்தவர் யார், வராதவர் யார் என்பதை ஊர் மறப்பதில்லை. நெடிய பனிக்காலமும் குறுகிய கோடையும் உள்ள நாட்டிலே தனித்து வாழ்பவன் அழிவான் என்னும் அறிவே இவ்வழக்கத்தின் அடிப்படை. 2004 இல் அந்நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மக்கள் இச்சொல்லையே தம் நாட்டுச் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர்.

வயலிலிருந்து இவ்வழக்கம் விளையாட்டுச் சங்கங்களுட் புகுந்தது. 1206 ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரின் நடுவே, பகைவர் கையிற் படாதவாறு நோர்வேயின் குழந்தை இளவரசன் ஹாக்கோனைச் சறுக்குக்கட்டை பூண்ட வீரர் இருவர் லில்லஹாமரிலிருந்து பனிமலை கடந்து சுமந்து சென்றனர் என்பது அந்நாட்டு வரலாறு. பூர்ச்சமரப் பட்டையைக் காலிற் சுற்றியிருந்தமையால் அக்கட்சியினர் பிர்க்கபைனர் எனப் பெயர் பெற்றனர். அதன் நினைவாக 1932 இல் ஓர் ஓட்டப் போட்டி தொடங்கிற்று. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1922 இல், சுவீடனிற் குஸ்தாவ் வாசா மன்னன் நினைவாக 90 கிலோமீற்றர் ஓட்டம் தொடங்கியிருந்தது. இவ்வோட்டங்களை நடத்துவோர் பெரும்பாலும் ஊர்ச் சங்கத்தாரே. தடத்தைச் செப்பனிடுதல், நேரங் குறித்தல், களைத்து வருவோர்க்குச் சூடான பானம் வழங்குதல் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேலை உண்டு. வாசா ஓட்டத்தில் வழங்கப்படும் நீலப்பழக் கூழ் ஓட்டத்தைப் போலவே புகழ்பெற்றது.

ஒலிம்பிக் விழாவில் தொண்டர்களை முறையாகப் பதிந்து பயிற்றும் திட்டம் 1980 இல், அமெரிக்காவின் லேக் பிளாசிட் என்னும் சிற்றூரிலேயே முதன்முதல் தோன்றியது. மூவாயிரவருக்கும் குறைந்த மக்களே வாழ்ந்த அவ்வூருக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர் வந்தனர். பேருந்து ஒழுங்குகள் குலைந்தமையால் பார்வையாளர் கடுங்குளிரில் நெடுநேரம் தெருவோரங்களிற் காத்துநின்றதும், மாநில ஆளுநர் தலையிட நேர்ந்ததும் அவ்விழாவின் கசப்பான நினைவுகள். நல்லெண்ணம் மிகுந்திருந்தும் ஒழுங்கு குறைந்தால் நேர்வது இதுவே.

அடுத்த விழா 1984 இல் யூகோசிலாவியாவின் சரயேவோ நகரில் நடந்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர் அங்கே பணியாற்றினர். விழா நாட்களில் எழுந்த பனிப்புயலால் ஆடவர் மலையிறக்கப் போட்டி பின்போடப்பட்டது. தெருக்கள் பனியில் மூழ்கின. நகர மக்கள் மண்வாரிகளோடு வெளியே வந்து தடங்களையும் தெருக்களையும் வெளிப்படுத்தினர். இதுவும் திடீரென முளைத்த பண்பன்று. போருக்குப் பின் 1947 இல் சமாச்சிலிருந்து சரயேவோ வரை 242 கிலோமீற்றர் நீளமான இருப்புப்பாதையை இருநூறாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர் கூலியின்றி அமைத்தனர். அவருள் எத்துணைப் பேர் விரும்பி வந்தனர், எத்துணைப் பேர் ஆட்சிக்கு அஞ்சி வந்தனர் எனப் பிரித்தறிதல் எளிதன்று. ஆயினும் ‘கூடி உழைத்தோம்’ என்னும் நினைவு ஒரு தலைமுறையின் சொத்தாயிற்று. சேர்பியர், குரோவாத்தியர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு அந்நினைவில் இல்லை.

எட்டாண்டுகளின் பின் அந்நகரம் முற்றுகைக்குள்ளாயிற்று. விழாவுக்கென அமைத்த திரெபேவிச் மலைச் சறுக்குவண்டித் தடம் பீரங்கி நிலையாயிற்று. செத்ரா அரங்கு குண்டுகளால் எரிந்தது. அதன் அருகேயிருந்த நிலம் இடுகாடாயிற்று. அரங்கின் மர இருக்கைகள் சவப்பெட்டிகளாயின. அயலவரென்று கூடிப் பனி அள்ளியோர் எதிரெதிர் அணிகளில் நின்றனர். விளையாட்டு விழாத் தொண்டு மனிதரை ஒன்றாக்கும் எனப் பெருமையடிப்போர் இவ்வரலாற்றை ஒருகால் எண்ணிப் பார்த்தல் நன்று. தொண்டு உறவைப் புலப்படுத்தும். உடைந்த உறவை அது தனியே தாங்காது.

1994 மாசித் திங்களில் லில்லஹாமரில் விழாத் தொடங்குவதற்கு ஒரு வாரத்தின் முன்னர், சரயேவோச் சந்தையில் விழுந்த குண்டினால் 68 பேர் மாண்டனர். தொடக்க நாளன்று ஒலிம்பிக் குழுத் தலைவர் சமராஞ்ச் அந்நகரை நினைந்து மக்களை எழுந்து மௌனமாக நிற்கச் செய்தார். அம்மௌனத்திற் பங்குகொண்ட லில்லஹாமர், ஏறத்தாழ இருபத்து மூவாயிரம் மக்கள் வாழ்ந்த சிறு நகரம். அங்கே ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர் பணியாற்றினர். பிர்க்கபைனர் ஓட்டத்தில் ஆண்டுதோறும் தடங்காத்தவர்க்கும் நேரங் குறித்தவர்க்கும் ஒலிம்பிக் தொண்டு புதியதன்று. பழகிய வேலையின் பெரிய வடிவமே. மலையிறக்கப் போட்டியில் வாயிற்காவல் செய்பவர் கடுங்குளிரில் மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்று, வீரனின் இரு கால்களும் வாயிலைக் கடந்தனவா எனக் காணல் வேண்டும். இரவிற் பனி பெய்தால் விடியுமுன் தடத்தை மிதித்து இறுக்கல் வேண்டும். இவ்வேலையில் வீரரின் முகத்தையும் சரியாகக் காண இயலாது. புகழுக்காக வந்தவர் இங்கே நீடித்து நிற்பது அரிது.

யப்பானின் வழி வேறு. 1995 தைத் திங்களிற் கோபே நகரை அழித்த நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் உதவ ஓடினர். அவ்வாண்டையே யப்பானியர் தொண்டின் முதலாண்டு என்றனர். மூன்றாண்டின் பின் நகானோ விழாவிற்கு முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர் கிடைத்தமைக்கு அத்துயரமும் ஒரு காரணம் எனல் பொருந்தும்.

இவ்வாறு மரபு கொடுத்த உழைப்பை யார் நுகர்கின்றனர் என்பது வேறொரு வினா. 1980 இல் லேக் பிளாசிட் விழாவை அமெரிக்கத் தொலைக்காட்சியிற் காட்டும் உரிமைக்கு ஒன்றரைக் கோடி டொலர் அளவே கொடுக்கப்பட்டது. எட்டாண்டின் பின் கல்கரி விழாவிற்கு அதே நிறுவனம் 30 கோடி டொலருக்கு மேல் கொடுத்தது. தொண்டரின் கூலியோ இரு விழாக்களிலும் ஒன்றேதான்: மேற்சட்டை, உணவு, நன்றி. களஞ்சியம் கட்டிக்கொண்ட குடியானவன் மறுநாள் அயலவன் வீட்டுக்குச் செல்வான். உரிமையை விற்றவர் எவர் வீட்டுக்குச் செல்வார்?

நோர்வே மக்கள் இவ்வினாவைக் கேட்டனர் போலும். 2022 ஆம் ஆண்டு விழாவிற்கு ஒஸ்லோ நகரம் விண்ணப்பித்திருந்தது. செலவுப் பெருக்கம் ஒருபுறமிருக்க, ஒலிம்பிக் குழுவினர்க்கு மன்னரோடு விருந்து முதலான உபசாரங்கள் வேண்டப்பட்டமை செய்தித்தாள்களில் வெளியாயிற்று. 2014 ஐப்பசியில் ஆளுங்கட்சி கைவிட, விண்ணப்பம் மீளப்பெறப்பட்டது. டுக்னாட்டின் தாயகமே மறுத்தது என்பது கருதத்தக்கது. விழா பீஜிங்குக்குச் சென்றது. அங்கே தொண்டுக்கு விண்ணப்பித்தோர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர்; தெரிவானோர் பதினெண்ணாயிரத்துக்குச் சற்று மேல்; பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர். பெருந்தொற்றுக் காலமாதலின், அவருட் பலர் வெளியுலகத் தொடர்பற்ற வளையத்துள் இருந்து, சீனப் புத்தாண்டையும் குடும்பத்தைப் பிரிந்து கழித்தனர். நாட்டுப்பற்றும் நற்சான்றிதழ் ஆசையும் அங்கே கலந்திருந்தன என்றாலும், அவர்கள் பட்ட குளிர் மெய்யான குளிரே.

பெருவிழாவை மறுத்த நோர்வே தொண்டை மறுக்கவில்லை. 2016 மாசியில் இளைஞர்க்கான பனிக்கால ஒலிம்பிக் விழா லில்லஹாமரிலேயே, 1994 இற் கட்டிய அரங்குகளில் நடைபெற்றது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் தொண்டாற்றினர். இளையோருட் பலர் முன்னைய விழாவின்போது பிறந்தேயிராதவர். பிர்க்கபைனர் ஓட்டத்தில் இன்றும் ஒவ்வொரு வீரனும் மூன்றரைக் கிலோகிராம் நிறையுள்ள பையை முதுகிற் சுமந்தே மலை கடக்கின்றான். 1206 இற் சுமந்து செல்லப்பட்ட குழந்தையின் நினைவாக அந்நிறை விதிக்கப்பட்டது. ஓட்டம் முடியுமிடத்தில் அப்பையை நிறுத்துப் பார்ப்பவரும் தொண்டரே.