அளந்து கொடுத்த வெப்பம்



நெகிரி செம்பிலானில், எங்கள் கோலா சாவா போன்ற தோட்டப்புறங்களில், பால்மரம் வெட்டிய தலைமுறைக்குப் புகைக்கூடம் நன்கு தெரியும். விறகு எரிய, மேலே ரப்பர்த் தகடுகள் நாட்கணக்கில் உலரும். உள்ளே சூடு 60 பாகை செல்சியசு அளவைத் தாண்டாதவாறு பார்த்துக்கொள்வர். அந்த 60 என்பது வெப்பநிலை. அதை நிலைநிறுத்த விறகு எவ்வளவு வெப்பத்தைக் கொடுத்தது என்பதை எந்த வெப்பமானியும் சொல்லாது. வெப்பநிலையையும் வெப்பத்தையும் ஒன்றெனக் கருதும் மாணவர்கள் இன்றும் பலர். வகுப்பில் இவ்விரண்டையும் பிரித்துக்காட்ட அவற்றின் வரலாறே சிறந்த வழி என்பது என் கருத்து.

வெப்பத்தை அளந்து கொடுக்கும் வழியைக் காட்டியவர் இங்கிலாந்தின் சால்ஃபர்டு நகரில் மது வடிப்பாலை உரிமையாளரின் மகனாகப் பிறந்த ஜேம்ஸ் ஜூல். 1840-ஆம் ஆண்டில், 22 வயதை எட்டும் தறுவாயில், கண்ணாடிக் குழாயில் சுற்றிய கம்பியை நீரில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினார். நீரின் வெப்பநிலை உயர்வைக் குறித்தார். பிறக்கும் வெப்பம் கம்பியின் மின்தடையையும் மின்னோட்டத்தின் இருமடியையும் பொறுத்தது என்று கண்டார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு! விறகால் தர முடியாத உறுதி இது. 1882-இல் வில்லியம் சீமன்சு 'வாட்' என்னும் அலகை முன்மொழிந்தபின் கணக்கு இன்னும் எளிதாயிற்று: வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட்.

நம் நான்காம் படிவ இயற்பியலில் அலுமினியக் கட்டியில் சூடாக்கியையும் வெப்பமானியையும் செருகிச் செய்யும் சோதனை ஜூலின் வழிவந்ததுதான்.

அதே கட்டி இன்று கணினிக்கும் உதவுகிறது. 1989-இல் வெளிவந்த 486 செயலி சில வாட் வெப்பத்தையே வெளியிட்டது. 2004-இல் வந்த பெண்டியம் 4 வகைகளுள் சில 115 வாட் வரை எட்டின. குளிர்விப்பான் தவறினால் செயலி வேகம் குறையும் அல்லது கணினியே நின்றுவிடும். ஆனால் குளிர்விப்பானைச் சோதிக்கச் செயலி ஏற்றதன்று. செய்யும் வேலைக்கேற்ப அதன் வெப்பம் கணந்தோறும் மாறும். ஆகவே செயலியின் மேற்பரப்பளவே உள்ள செப்புக் கட்டியில் சூடாக்கியைப் பொருத்தி, அதன்மீது குளிர்விப்பானை வைப்பர். 12 வோல்ட், 5 அம்பியர் எனில் 60 வாட். அறை 32 பாகை, கட்டி 62 பாகையில் நிலைத்தால், வாட்டுக்கு அரைப் பாகை உயர்வு. இந்த அரைப் பாகைதான் குளிர்விப்பானின் தரம். 100 வாட் செயலியை அதே குளிர்விப்பான் 22 பாகைக் குளிரறையில் 72 பாகையில் வைத்திருக்கும். குளிர்சாதனம் இல்லாத நம் பள்ளி அறையிலோ 82 ஆகிவிடும். கணினி அறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று நான் பெற்றோரிடம் வலியுறுத்துவது இதனால்தான்.

இக்கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. கட்டியில் பிறக்கும் வெப்பம் முழுவதும் குளிர்விப்பானுக்குள் செல்வதில்லை. பக்கங்கள் வழியாகவும், தாங்கியின் வழியாகவும், கம்பிகளின் வழியாகவும் கசியும். இத்தகைய கசிவை ஆழ்ந்து ஆராய்ந்தோருள் ஒரு தமிழரும் இருக்கிறார். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, இராமனுடன் 1928-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பில் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன், பின்னாளில் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அங்கு எஸ். சி. ஜெயினுடன் இணைந்து, வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேற்றப்படும் மெல்லிய தண்டில் வெப்பநிலை எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்து, 1954-இல் இலண்டன் அரச கழக இதழில் வெளியிட்டார். பிடிக்கப்பட்ட முனைகளின் வழியே வெப்பம் வெளியேறுவதால் தண்டின் நடுப்பகுதியைவிட முனைகள் குளிர்ந்திருக்கும். இராமன் பெயரை அறிந்த நம் பிள்ளைகள் இவர் பெயரை அறியாதிருப்பது எனக்கு வருத்தமே.

செப்புக் கட்டியின் கசிவைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. குளிர்விப்பானை எடுத்துவிட்டு, மேற்புறத்தையும் தடிப்பாக மூடி, கட்டியை அதே 62 பாகையில் நிறுத்த எத்தனை வாட் தேவை என்று பார்க்க வேண்டும். அது 3 வாட் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 வாட்டில் 57 மட்டுமே குளிர்விப்பானின் கணக்கில் சேரும்.