பேரேட்டைப் பயின்ற யந்திரம்

கணக்குப் பொய் சொல்லாது என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. காலைப் பெரட்டில் பெயர் பதிந்தால் அன்றைய கூலி உண்டு, பதியாவிட்டால் இல்லை. தோட்டத்துக் கிராணி வேலையில் ஏடுகளோடு காலங்கழிக்கும் நாம் ஒன்று அறிவோம்: ஏட்டில் ஏறாதது நடவாததாகவே எண்ணப்படும். இவ்வேட்டு நம்பிக்கையினும் பெரியதொரு நம்பிக்கையை இக்காலம் நம்மிடம் கேட்கிறது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் யந்திர அறிவை நம்பலாமா? நம்புவதாயின் எவ்வாறு?

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில், கோத்தா கினபாலு மாஜிஸ்திரேட் கோர்ட்டில், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கொன்றில் தண்டனை எவ்வளவு என்பதற்கு யந்திரத்தின் யோசனை கேட்கப்பட்டது. 2014 முதல் 2019 வரை சபா, சரவாக் கோர்ட்டுகளில் நடந்த வழக்குகளே அதற்குப் பாடமாயின. அதன் யோசனையை ஏற்பதும் தள்ளுவதும் மாஜிஸ்திரேட்டின் உரிமை. ஒரே குற்றத்துக்கு ஓரூரில் ஒரு தண்டனை, மற்றோரூரில் வேறு தண்டனை என்னும் குறையை நீக்குவதே நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் வக்கீல்களும் நீதிபதிகளும் பொதுமக்களும் இதன் தன்மையை முற்றும் அறியுமுன் பயன்படுத்தலாமா என்று எதிரியின் வக்கீல் ஹமீத் இஸ்மாயில் கவலை தெரிவித்தார். 2021இல் கோலாலம்பூர், ஷா ஆலம் கோர்ட்டுகளிலும் இம்முறை பரீட்சிக்கப்பட்டது. ஆகவே இது நம் வாசலுக்கே வந்த விஷயம்.

யந்திரத்தைச் செய்தவர்கள் 'இனம்' என்னும் விவரத்தை அதிலிருந்து நீக்கினார்கள். பாராட்டுவோம். ஆனால் பழைய தீர்ப்புகளில் படிந்த பழக்கம் அதனால் மட்டும் நீங்கிவிடுமா? நம் நாட்டில் ஒருவன் செய்யும் தொழிலும் குடியிருக்கும் இடமுமே அவன் இனத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடுமன்றோ?

பழைய ஏட்டை மட்டும் பயின்ற அறிவு எங்கே தடுமாறும் என்பதைக் கிள்ளான் சரித்திரம் காட்டும். 1920களின் இறுதியில் சிலாங்கூர் தோட்டங்களில் தரக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வகுக்கப்பட்டது. அன்று இத்தகைய யந்திரமொன்று இருந்து, செக்ரோல்களையெல்லாம் அதற்குப் புகட்டி, "தமிழ்த் தொழிலாளிக்கு நியாயமான கூலி யாது?" என்று கேட்டிருந்தால், அந்த 50ஐயும் 40ஐயும்தான் சொல்லியிருக்கும். கூட்டலில் ஒரு காசும் பிசகியிராது!

1941இல் ஆர். எச். நாதன் முதலியோரின் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் வேறு கணக்குக் கேட்டது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றது. மே மாதத்தில் நாதன் கைதாகிப் பின் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் துப்பாக்கி முனையில் ஒடுக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். சைக்கிளைவிட்டு இறங்கியவனின் அவமானத்துக்கு எந்தச் செக்ரோலில் கட்டம் இருந்தது? ஏட்டில் இல்லாததை யந்திரம் எங்ஙனம் பயிலும்?

இதனால் யந்திரத்தை உடைத்தெறியச் சொல்கிறோமல்லோம். மனித நீதிபதிக்கும் சலிப்புண்டு, சார்புண்டு. அதைக் கண்டுபிடிக்க யந்திரம் உதவக்கூடும். நாம் கேட்பன மூன்றே. யந்திரத்தின் யோசனை கேட்கப்பட்டதென்பது எதிரிக்கு முன்னரே தெரிவிக்கப்பட வேண்டும். அந்த யோசனைக்குரிய காரணம், படிப்பற்ற தோட்டத்து மனிதனுக்கும் விளங்கும்படி அவன் மொழியில் சொல்லப்பட வேண்டும். தீர்ப்பில் கையொப்பமிடும் மனிதர், "யந்திரம் சொல்லிற்று" என்று கைகழுவாமல், அதற்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும். இம்மூன்றும் உள்ள கோர்ட்டில் யந்திரமும் இருக்கட்டும். இல்லாத இடத்தில், எவ்வளவு திருத்தமான கணக்காயினும், எழுந்து நின்று காரணம் கேட்பது நம் கடமை.