பார்த்திவபுரத்துச் செப்பேடும் ஓர் உரைக்கோப்பும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களையும் அவற்றை ஒட்டிய பழைய விளவங்கோட்டுப் பகுதியையும் சார்ந்த கல்வெட்டு, செப்பேட்டுச் செய்திகளைக் கணினியில் தொகுத்துவருகிறேன். ஊர், நிலம், கொடை, நாள் ஆகிய பண்புகளைக் கொண்ட ஒரு வகுப்பு. ஒவ்வோர் ஆவணமும் அவ்வகுப்பின் ஒரு பொருள், அதாவது நிரலாளர் சொல்லும் ஆப்ஜெக்ட். அப்பொருள்களின் பட்டியலைப் பைத்தான் நிரலால் உரைக்கோப்பில் எழுதி, மறுநாள் திறந்தேன். ஆவணச் செய்தி ஒன்றுகூட இல்லை. வரிதோறும் வகுப்பின் பெயரும், அப்பொருள் நினைவகத்தில் இருந்த இடத்தின் எண்ணும் மட்டுமே இருந்தன. நிரல் முடிந்தபின் அந்த எண்ணால் எதையும் மீட்க முடியாது.

பிழை என்னுடையதே. ஒரு பொருளை எவ்வாறு உரையாக்க வேண்டும் என்று நாம் வரையறுக்காவிட்டால் பைத்தான் அவ்வளவைத்தான் எழுதும்.

அப்போது நான் உள்ளிட்டுக்கொண்டிருந்தது ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு. திருவனந்தபுரம் ஹுசூர் அலுவலகத்தில் இருந்ததால் அப்பெயராலும் அறியப்படுவது. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தது. முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து உழக்குடிவிளையைப் பெற்று, அங்கே விண்ணகரம் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டுச் சாலை ஒன்றையும் நிறுவிய செய்தி அதில் உள்ளது.

அதன் எழுத்தர் நாளைக் குறித்த முறை என்னை வியக்கவைத்தது. கலியுகம் தொடங்கி 14,49,087ஆம் நாள், அதாவது கி.பி. 866. அரசனின் ஆட்சியாண்டு மட்டும் இருந்திருந்தால், அவன் முடிசூடிய ஆண்டை வேறெங்கோ தேட வேண்டியிருக்கும். கணினிகள் 1970 சனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக் காலம் குறிக்கும் முறையும் இதே வகையானதுதான். சாலையில் 95 சட்டர்க்கு இடம். அதிலும் பவிழியர் 45, தைத்திரியர் 36, தலவகாரர் 14 எனச் சரணவாரியாகப் பிரித்தே எழுதப்பட்டிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரி.

ஆனால் அவ்வெழுத்தரும் ஓரிடத்தில் என்னைப் போலவே செய்திருக்கிறார். சட்டர் ஒழுக்கம் பற்றிய சில விதிகளை விரித்துக் கூறியவர், சாலையின் பொது ஒழுங்கைக் காந்தளூர் மரியாதையின்படி என்று சுட்டியதோடு நிறுத்திவிட்டார். அன்று அனைவரும் அறிந்ததை எழுதுவானேன் என்று நினைத்திருக்கலாம். காந்தளூரின் விதிநூல் நமக்குக் கிடைக்கவில்லை. அவ்வூர் திருவனந்தபுரத்து வலியசாலைதானா என்பதிலும், அங்கே முதலாம் இராசராசன் செய்தது என்ன என்பதிலும் ஆய்வாளர் இன்னும் வாதிடுகின்றனர்.

எல்லைப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதன்பின் பக்கத்து ஊர்களின் ஆவணங்கள் இருவேறு எழுத்துகளில் நடக்கின்றன. மனிதருக்கு ஒன்றேயான ஊர்ப்பெயர் கணினிக்கு இரு வேறு எழுத்துச்சரங்கள். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடையாள எண் தந்து, இரு வடிவங்களையும் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் சேர்த்தே எழுதுகிறேன்.

நிரலைத் திருத்தியாயிற்று. இப்போது கோப்பில் பண்பின் பெயரும் மதிப்பும் வரிவரியாக வருகின்றன. பார்த்திவபுரத்துப் பதிவில் ‘சாலை ஒழுங்கு’ என்ற இடத்தில் மட்டும் ‘காந்தளூர்’ என்ற ஒரு சொல்லையே எழுத முடிந்தது.