நாக்தேவித் தீர்ப்பின் காலம்: கிருஷ்ணய்யர் பற்றிய ஒரு மறுவாசிப்பு

பொதுநல வழக்கின் எழுச்சியை நெருக்கடி நிலையோடு பிணைத்துப் பார்ப்பது சட்ட அறிஞர் உபேந்திர பக்சி வலுவாக முன்வைத்த வாசிப்பு. நெருக்கடிக்காலத் தீர்ப்புகளால் மங்கிய தன் பெயரை மீட்கவும், தன் அதிகாரத்துக்குப் புதிய அடித்தளம் தேடவும் உச்ச நீதிமன்றம் எளியோர் பக்கம் திரும்பியது என்று 1980களில் அவர் எழுதினார். அதை ஒரு பகுதிக் காரணமாகவே அவர் சொன்னார். ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரைப் பொறுத்தவரை அந்தப் பகுதிக் காரணமும் பொருந்தவில்லை என்பதே என் வாதம்.

அவருடைய வாழ்க்கைத் தடம் பலரும் அறிந்தது. 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னைச் சட்டமன்றம் சென்றார். 1957–59இல் கேரளத்தின் நம்பூதிரிபாடு அமைச்சரவையில் சட்டம், சிறை முதலிய துறைகளைக் கவனித்தார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. அரசியல்வாதி எப்படி நீதிபதியாவது என்று 1973இல் எதிர்த்தவர்களுள் பம்பாய் வழக்கறிஞர் சோலி சொராப்ஜியும் ஒருவர். பின்னாளில் அவர் மனம் மாறினார்.

நான் நின்று பார்க்க விரும்புவது 'மும்பை காம்கார் சபா' தீர்ப்பை. பம்பாய் நாக்தேவியின் இரும்புச் சாமான் கடைகளில் வேலை பார்த்தவர்களின் போனஸ் வழக்கு அது. கடைகள் சிறியவை, 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் கேட்ட இருபது ஆள் கணக்கு அவற்றில் இல்லை. சட்டத்துக்கு வெளியிலும் வழக்காறு சார்ந்த போனஸைக் கோரலாம் என்றார் கிருஷ்ணய்யர். வழக்காட வேண்டியவர்கள் தொழிலாளர்கள்தாம், சங்கம் அல்ல என்ற ஆட்சேபத்தையும் தள்ளினார். ஏழைகள் நிறைந்த நாட்டில் வழக்குரிமையை விரித்துப் பொருள்கொள்வதே பொதுநலன் என்பது அவர் நிலை.

தீர்ப்பு வந்தது 1976 மார்ச்சில். ஆட்கொணர்வு உரிமையை மறுத்த ஜபல்பூர் தீர்ப்பு வந்ததோ 1976 ஏப்ரல் 28இல். கறை படியுமுன்பே கழுவத் தொடங்குவார் உண்டா? மேலும், ஜபல்பூர் அமர்வில் இருந்த ஐவருள் கிருஷ்ணய்யர் இல்லை, நீதிபதி பகவதி இருந்தார். 1981இல் வழக்குரிமையை அகலத் திறந்த பகவதிக்குப் பக்சியின் வாசிப்பு பொருந்தலாம். இருவரையும் ஒரே விளக்கத்தில் அடக்குவது சரியன்று.

அப்படியானால் கிருஷ்ணய்யரின் இந்த நோக்குக்கு வேர் எங்கே? சட்டமன்றத்திலும் அமைச்சர் பொறுப்பிலும் என்கிறேன். தீர்ப்பில் இதற்கு நேர்ச்சான்று இல்லை, சூழலே சான்று. 1948இல் சிறைப்பட்டவர், 1957இல் சிறைத்துறை அமைச்சர், 1978இல் சுனில் பத்ரா வழக்கில் கைதியின் உரிமையைப் பேசிய நீதிபதி, மூவரும் ஒருவரே. 1973இல் அவர் தலைமையிலான சட்ட உதவிக் குழுவின் அறிக்கையும், நீதிமன்ற வாசலை எட்ட முடியாதவர்களைப் பற்றியதே. இவை தற்செயல் என்பவர்களே அதை நிறுவ வேண்டும்.

இந்த நோக்கின் தொடக்கத்தை 1957 என்பதா, 1973 என்பதா? ஓர் ஆண்டைத் திட்டமாகக் குறிக்க நான் தயங்குகிறேன். 1957–59 காலக் கேரளச் சட்டமன்ற விவாதங்களை அவருடைய தீர்ப்புகளோடு அடுத்தடுத்து வைத்துப் படிக்காமல் இந்தக் கேள்வி தீராது. நெருக்கடி நிலைக்கு முந்தியது என்ற அளவில் மட்டும் உறுதியாக நிற்கிறேன்.