காலி அறைக்குப் பிறந்த சலுகை

கோம்பைக்கும் கடலுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஒரு பக்கம் ராமக்கல்மேடு மலை மறித்துக்கொண்டு நிற்கிறது. சென்னைத் துறைமுகத்துக்குப் போக ஒரு முழு ராத்திரி பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆனால் சொகுசுக் கப்பலில் அறை பதிய இப்போது துறைமுகம் எதற்கு? கையில் போன் இருந்தால் போதும். அப்படிப் பதிந்தவருக்கு ஒரு வயிற்றெரிச்சலும் கூடவே வரும். 40,000 ரூபாய் கட்டிப் பதிந்த அதே அறை, அதே தேதி, மூன்று வாரம் கழித்துத் திரையில் 32,000 என்று நிற்கும். அந்த எட்டாயிரம் திரும்பி வருமா?

வரும், வராது என்ற இரண்டு பதிலும் உண்டு. உலகத்தில் சில கப்பல் கம்பெனிகள், பதிந்த பிறகு விலை குறைந்தால் வித்தியாசத்தைத் தருகின்றன. விளம்பரத்தில் இதை வாடிக்கையாளர்மேல் வைத்த பிரியம் என்பார்கள். இந்தப் பழக்கம் பிறந்த விதத்தைப் பார்த்தால் பிரியத்துக்கு அதில் பங்கே இல்லை.

கட்டணம் குறைவது நம் கரைக்குப் புதிதல்ல. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். அதுவரை தனிக்காட்டு ராஜாவாக ஓட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணா என்றது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி, சும்மா ஏறிக்கொள்ளுங்கள், கூடவே ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்றது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது, காலியா கப்பல் எதிராளியின் கைக்கே போனது. கட்டணம் இவ்வளவு சரிந்தபோதும், பழைய விலைக்கு வாங்கியவன் மிச்சம் கேட்கிற பேச்சுக்கு அங்கே இடமில்லை. டெக்கில் போகிற பயணி ஆறு மாதம் முன்னால் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவன் அல்ல. நம் கதைக்குக் கட்டணம் குறைந்தால் மட்டும் போதாது. பணம் கட்டுவதற்கும் பயணம் போவதற்கும் நடுவே நீண்ட காலம் கிடக்க வேண்டும்.

அந்த நீண்ட காலம் முதலில் வாய்த்த வியாபாரங்களில் ஒன்று, யாரும் எதிர்பார்க்காத ஒன்று: மின்சார நிலையங்களுக்கு டர்பைன் விற்பது. லோயர் கேம்பில் பெரியாற்றுத் தண்ணீர் சுற்றுகிற டர்பைனை நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குத் தெரியும். இங்கே சொல்வது நீராவியில் சுற்றுகிற ராட்சத வகை. ஆர்டர் கொடுத்தால் செய்து முடிக்கவே வருஷக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் இதைச் செய்த ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் உள்ளிட்ட கம்பெனிகளின் அதிகாரிகள் ரகசியமாகக் கூடி விலை பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள். அது வெளியே வந்து, 1961 பிப்ரவரியில் பிலடெல்பியா நீதிமன்றம் ஏழு அதிகாரிகளைச் சிறைக்கு அனுப்பியது. கோட்டு சூட்டுப் போட்ட கம்பெனி அதிகாரிகள் கம்பி எண்ணியது அந்த நாட்டில் அபூர்வக் காட்சி.

இனிமேல் கூடிப் பேச முடியாது. 1962 இறுதியில் மூன்றாவது கம்பெனியான அலிஸ்-சால்மர்ஸும் இந்தத் தொழிலை விட்டு விலகியது. மிச்சம் இரண்டே பேர். 1963 மே மாதம் ஜெனரல் எலெக்ட்ரிக் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: நாங்கள் யாருக்காவது விலையைக் குறைத்தால், அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் எங்களிடம் வாங்கிய எல்லோருக்கும் அதே குறைப்பைத் திருப்பித் தருவோம். சந்தேகம் இருந்தால் வெளித் தணிக்கையாளரை வைத்துக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். வெஸ்டிங்ஹவுஸும் அதே வாக்குறுதியைக் கொடுத்தது.

கேட்பவருக்கு எவ்வளவு இனிப்பு! வாங்கியவரின் காசைக் காப்பாற்றுகிற கம்பெனி அல்லவா? கொஞ்சம் கணக்குப் போட்டால் இனிப்பு கசக்கும். ஒருவருக்குப் பத்து ரூபாய் குறைத்தால் முன்னால் வாங்கிய பத்துப் பேருக்கும் பத்துப் பத்தாகத் தர வேண்டும். அப்படியென்றால் ஒருவருக்கும் குறைக்காமல் இருப்பதே லாபம். அந்தப் பக்கத்துக் கம்பெனிக்கும் இதே கணக்குதான். இவன் குறைக்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும், அவன் குறைக்க மாட்டான் என்று இவனுக்குத் தெரியும். ரகசிய அறையில் கூடிப் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அரசு வழக்கறிஞர்கள் இதைப் புரிந்துகொண்டு மடக்க 1976 வரை ஆயிற்று. அந்த வருஷம் இரண்டு கம்பெனிகளும் இந்த வாக்குறுதியைக் கைவிட ஒப்புக்கொண்டன. வாங்கியவருக்குக் கொடுத்த சலுகையை அரசாங்கமே தடுத்தது என்றால் படிப்பவருக்கு வினோதமாக இருக்கும். விலையைக் கீழே இறங்கவிடாமல் தாங்கிப் பிடித்த தூணே அந்தச் சலுகைதான்.

கப்பல்காரர்கள் டர்பைன்காரர்களைப் பார்த்துப் படித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வந்த வழி வேறு. அந்த வழியின் தொடக்கத்தில் 1972 என்ற வருஷம் நிற்கிறது.

அந்த வருஷம் பிரிட்டிஷ் விமானக் கம்பெனியான பி.ஓ.ஏ.சி.யில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் ஒரு சூத்திரம் எழுதினார். முழுக் கட்டணம் கொடுக்கிறவர் பிற்பாடு வருவாரா, வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று பார். அந்த வாய்ப்பின் மதிப்பு இன்று கையில் கிடைக்கும் மலிவுக் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் மலிவாகவே விற்றுவிடு. இன்றைய விமான டிக்கெட் விலை மணிக்கு மணி மாறுவதற்கு வேர் இதுதான். 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த வித்தையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மலிவுக் கட்டண ராஜாவான பீப்பிள் எக்ஸ்பிரஸை இரண்டே வருஷத்தில் விற்றுக்கொண்டு போக வைத்தது.

அதே 1972 மார்ச்சில், கார்னிவல் கம்பெனியின் முதல் கப்பலான மார்டி கிரா, முதல் பயணத்திலேயே மயாமி துறைமுக வாயிலில் மணல்திட்டில் ஏறி நின்றது. உள்ளே நூற்றுக்கணக்கில் டிராவல் ஏஜென்ட்டுகள். அவர்களை அசத்தத்தான் அந்தப் பயணமே. இப்படி ஆரம்பித்த கம்பெனி பிற்பாடு உலகத்தின் மிகப்பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனம் ஆனது.

கப்பல்கள் பெருக ஆரம்பித்ததும் தலைவலியும் பெருத்தது. புறப்பட்டுப் போன கப்பலின் காலி அறையை மறுநாள் விற்க முடியாது. அறைக்குள் ஆள் இருந்தாலோ, டிக்கெட் காசு குறைந்தாலும் மதுக்கடை, சூதாட்டக் கூடம், கரையிறங்கிச் சுற்றும் டூர் என்று உள்ளே செலவு செய்வார். ஆகவே கடைசி நேரத்தில் எந்த விலைக்காவது நிரப்பு என்பதே விதி. அச்சடித்த கையேட்டில் இருக்கும் விலை வெறும் அலங்காரம். இதனால் முன்கூட்டிப் பதிந்தவர் ஏமாளி ஆனார். பக்கத்து அறைக்காரர் பாதி விலையில் வந்திருப்பது சாப்பாட்டு மேசையில் தெரிந்துவிடும். அடுத்த தடவை அவரும் கடைசி வாரம்வரை காத்திருப்பார். 1990-களின் தொடக்கத்தில் ராயல் கரீபியன், முதலில் குறைந்த விலையில் தொடங்கி கப்பல் நிரம்ப நிரம்ப ஏற்றிக்கொண்டே போகும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் கப்பல் நிரம்பாவிட்டால்? விலையை இறக்கத்தான் வேண்டும்.

சலுகை பிறந்தது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் கப்பல் பதிவு செய்பவர் முதலில் சில நூறு டாலர் முன்பணம் கட்டுவார். மீதிப் பணத்துக்கு ஒரு கெடு உண்டு; பெரும்பாலும் புறப்பாட்டுக்கு இரண்டரை, மூன்று மாதம் முன்னால். வழக்கமான பதிவை அந்தக் கெடுவுக்குள் கேன்சல் செய்தால் கட்டியதெல்லாம் திரும்பி வரும். ஆக, விலை குறைந்த அன்று பழையதை கேன்சல் செய்துவிட்டுப் புதிதாகப் பதிவதை யாரும் தடுக்க முடியாது. இதைச் செய்ய ஆரம்பித்தவர்களைப் பார்த்து ஏஜென்ட்டுகள் சொன்னார்கள்: எதற்கு இரண்டு வேலை, பழைய பதிவிலேயே விலையை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கம்பெனிக்கும் அதுதான் வசதி, இல்லையென்றால் ஆள் எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவார். கார்னிவல் பிறகு இதுபோன்ற வாக்குறுதியோடு 'ஏர்லி சேவர்' என்று ஒரு கட்டணமே வைத்தது. விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கப்பலுக்குள் செலவழிக்கும் வரவாகக் கணக்கில் ஏற்றியது. காசாகக் கையில் தராமல் மதுக்கடைக்கும் டூருக்கும் திருப்பி விடுகிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள்.

பிரிட்டனில் இந்தப் பேச்சு எடுபடுவது அபூர்வம். அங்கே முன்பணம் பெரும்பாலும் திரும்பாது. கேன்சல் செய்தால் நஷ்டம் என்று தெரிந்தவனுக்கு யார் விலையைக் குறைப்பார்கள்? ஒரே கப்பல், ஒரே அறை, இரண்டு நாட்டுக்காரருக்கு இரண்டு நியாயம்.

திராட்சை வியாபாரம் பார்த்தவர்களுக்கு இது புதுப் பாடமல்ல. தோட்டத்தைப் பார்த்து, கிலோ விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்த வியாபாரி, வெட்டுக்கு முன்னால் விலை விழுந்தால் மறுபடி பேச வருவார். சின்ன அட்வான்ஸ் என்றால், அதை விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்கிற அவர் பேச்சுக்குக் கனம் இருக்கும். பெரிய அட்வான்ஸ் என்றால் தோட்டக்காரர் அசைய மாட்டார்.

கம்பெனிகளும் பிற்பாடு விழித்துக்கொண்டன. 2015-ல் ராயல் கரீபியன், கடைசி நேரத் தள்ளுபடியே இனிக் கிடையாது என்று அறிவித்தது. அதன் பிறகு, கொஞ்சம் மலிவான விலைக்குத் திரும்பாத முன்பணம் என்ற முறையும் பரவியது. கேன்சல் உரிமையை வாடிக்கையாளர் கையாலேயே விற்க வைக்கிற ஏற்பாடு அது. அதே ராயல் கரீபியனிடம் 1990 முதல் ஓடிய நார்டிக் எம்பிரஸ் கப்பல்தான், பல கை மாறி, கார்டேலியா கம்பெனியின் எம்பிரஸாக 2022 ஜூன் 4 அன்று சென்னையில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்கப் புறப்பட்டது. கப்பல் வந்துவிட்டது. அமெரிக்கப் பதிவு வழக்கமும் கூடவே வந்ததா என்பதை, பதிகிறவர் விதிமுறையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் பழகிய வழக்கம் ரயிலுடையது. 2013 ஜனவரியில் கட்டணம் ஏறியபோது, முன்னாலேயே டிக்கெட் எடுத்தவர்களிடமும் வித்தியாசத்தை வசூலித்தார்கள். 2014 ஜூனிலும் அப்படியே. 2023 ஜூலையில் ரயில்வே வாரியம், பாதிகூட நிரம்பாத ரயில்களில் ஏசி சேர் கார் கட்டணத்தை 25 சதவீதம்வரை குறைக்கலாம் என்று உத்தரவு போட்டது. அதே உத்தரவில், முன்னால் பதிந்தவருக்குத் திருப்பித் தருவதில்லை என்றும் இருந்தது. அதற்குச் சில வாரம் முன்னால்தான் போடிக்குச் சென்னை ரயில் வந்திருந்தது. அதில் சேர் கார் இல்லாததால் நமக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஏறினால் கொடு, இறங்கினால் கேட்காதே என்பது ஒரு கண் மூடிய நியாயம். 2025 ஜூலை உயர்வில் பழைய டிக்கெட்டைத் தொடாமல் விட்டார்கள், அது நல்ல மாற்றம். குறைப்பின் பக்கம் இன்னும் அசையவில்லை. ரயில் டிக்கெட்டை எவ்வளவு முன்னால் கேன்சல் செய்தாலும் ஒரு தொகை பிடிப்பார்கள். மிரட்டிப் பேசப் பயணியின் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

அதனால் கப்பலோ வேறெதுவோ, மாதக்கணக்கில் முன்னால் பணம் கட்டும் எதற்கும், எவ்வளவு தள்ளுபடி என்று கேட்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள். எந்தத் தேதிவரை கேன்சல் செய்தால் முழுப் பணம் வரும்? விலை இறங்கினால் வித்தியாசம் காசாக வருமா, கப்பலுக்குள் வரவாகவா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் விலையை ஒருமுறை பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் அன்றே போன் போடுங்கள். கெடு தாண்டினால் கெஞ்சத்தான் முடியும்.